மருந்து ஏறும்போது மட்டும் வரும் வயிற்றுவலி: கல்லீரல் தமனிப் போர்ட்டால் வந்த ரத்தநாளச் சிக்கல், ஒரு நிகழ்வு ஆய்வு

கல்லீரல் தமனிக்குள் நேரடியாகக் கீமோ மருந்து செலுத்த, தோலுக்கடியில் போர்ட் (ஊசி குத்தி மருந்தேற்றும் சிறு அறை, அதிலிருந்து தமனிக்குப் போகும் கதீட்டர் என்ற மெல்லிய குழாய்) வைக்கப்பட்ட ஒருவருக்கு அந்த ஒரே கதீட்டரால் இரண்டு சிக்கல்கள் வந்தன. ஒன்று இரைப்பைப் புண். இன்னொன்று, தமனிச் சுவர் சிதைந்து உருவான ரத்தப் பை. முதலாவது எண்டோஸ்கோபியில் பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவதுதான் உயிரை எடுக்கப் பார்த்தது. நாகர்கோவிலில் நாங்கள் சிகிச்சை அளித்த இந்த நோயாளியின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியும் போர்ட்டும்

56 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. ஹெபடைட்டிஸ் பி தொற்று, அதன் விளைவாக ஈரல் சுருக்கம். ஈரலின் வேலைத்திறன் சைல்ட்-பியூ கணக்கில் 'ஏ' என்ற நல்ல நிலையிலேயே இருந்தது. வலது மடலில் 9 செ.மீ. புற்றுக் கட்டி, அது வலது போர்ட்டல் சிரைக்குள்ளும் (குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரையின் வலது கிளை) புகுந்திருந்தது. வெளியே எங்கும் பரவவில்லை.

சிரைக்குள் கட்டி புகுந்துவிட்டால் அறுவைக்கும் மாற்று ஈரலுக்கும் பெரும்பாலும் வழி இல்லை, உடல் முழுவதும் போகும் மருந்துதான் முதல் தேர்வு. இவருக்குச் சொராஃபெனிப் என்ற புற்று மாத்திரையைத் தொடங்கினார்கள். மூன்றாவது வாரத்திலேயே உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, வெடித்து, தோல் உரிந்தது. இந்த மருந்துக்கு இது தெரிந்த பக்கவிளைவுதான். ஆனால் விடியுமுன் எழுந்து கத்தி பிடித்துப் பட்டை சீவுகிறவருக்கு உள்ளங்கை வெடிப்பு என்பது வேலை போவது. அளவைப் பாதியாகக் குறைத்தும் ஆறவில்லை, நிறுத்திவிட்டார்கள். 2020 முதல் முன்னணிக்கு வந்த அட்டிசோலிசுமாப்–பெவாசிசுமாப் கூட்டு மருந்தைக் கொடுக்க முடியவில்லை. உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் இருந்தன, பெவாசிசுமாப் ரத்தக்கசிவைத் தூண்டக்கூடியது. செலவும் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை.

அதனால் வெளியூர் மருத்துவமனை ஒன்றில் போர்ட் வைத்தார்கள். வலது தொடைத் தமனி வழியாக ஏறத்தாழ 1.7 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய கதீட்டரை மேலே கொண்டுபோய், அதன் நுனியை இரைப்பை-முன்சிறுகுடல் தமனிக்குள் நுழைத்து, சுற்றிலும் உலோகக் காயில்களை (சிறு சுருள்களை) நிரப்பி அசையாமல் இறுக்கியிருந்தார்கள். கதீட்டரின் பக்கவாட்டில் வெட்டப்பட்ட துளை, பொதுக் கல்லீரல் தமனிக்குள் திறந்திருக்கும். மருந்து அந்தத் துளை வழியாக வந்து ரத்த ஓட்டத்தோடு ஈரலுக்குப் போகும். ஜப்பானியக் கதிரியல் மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. நுனியைச் சும்மா தமனிக்குள் மிதக்கவிட்டால் மூச்சுக்கு மூச்சு அது சுவரில் உரசிக்கொண்டே இருக்கும், இடமும் மாறிவிடும். நுனியை இறுக்கிவிட்டால் அந்த இரண்டும் குறைகின்றன. கூடவே முன்சிறுகுடலுக்கும் கணையத்துக்கும் மருந்து போகும் பெரிய கிளை அடைபடுகிறது.

தொடையைத் தேர்ந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இடது தோள்பட்டைத் தமனி வழியாகவும் போர்ட் வைப்பதுண்டு. உட்கார, குனிய அது வசதி. ஆனால் மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி அங்கேதான் பிரிகிறது. கதீட்டரில் ஒட்டும் சிறு உறைவு அதற்குள் போனால் பக்கவாதம்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் கடைசிக்கு முந்தைய வரியில் ஒரு குறிப்பு இருந்தது: வலது இரைப்பைத் தமனிக்குள் மைக்ரோ கதீட்டர் நுழையவில்லை, அதனால் அதை அடைக்கவில்லை. அந்தத் தமனி பெரும்பாலும் கல்லீரல் தமனியிலிருந்தே கிளம்பி இரைப்பையின் உள்வளைவுக்குப் போவது. சிலருக்கு நூல்போல இருக்கும், கண்டுபிடித்து நுழைவது உண்மையிலேயே கஷ்டம். அடைக்காமல் விட்டதைக் குறை சொல்ல மாட்டேன். எழுதி வைத்ததற்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

சிஸ்பிளாட்டினும் 5-ஃப்ளூரோயுராசிலும் நான்கு வாரத்துக்கு ஒரு சுற்று. இரண்டு சுற்று முடிந்ததும் கட்டி 7 செ.மீ. ஆகச் சுருங்கியது, ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புற்றுக் குறியீட்டின் அளவும் நன்றாக இறங்கியது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

வலி

மூன்றாவது சுற்றில் மருந்து ஏறத் தொடங்கியதும் நெஞ்சுக்குழியில் எரிச்சல். பம்ப் நின்ற சில மணி நேரத்தில் குறைந்தது. அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். நான்காவது சுற்றில் அதே வலி, கூடுதல் கடுமையாக, வாந்தியோடு. மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் மலம் கறுத்தது. ஒருநாள் பின்னிரவில் ரத்தமாக வாந்தி எடுத்து, 108 ஆம்புலன்ஸில் எங்களிடம் வந்தார். நாடித்துடிப்பு 124, ரத்த அழுத்தம் 90/60, ஹீமோகுளோபின் 6.4.

எங்களுக்கு வழி காட்டியது அவர் மனைவி சொன்ன ஒரு விவரம். "சாரே, சாப்பாட்டுக்கும் அவியளுக்க வலிக்கும் சம்பந்தமே இல்ல. மருந்து போடாத நாள்ல மரச்சீனியும் மீனும் வயிறு நிறைய தின்னாலும் ஒண்ணும் செய்யாது. மெஷினைத் தட்டிவிட்டா அஞ்சு நிமிசத்துல நெஞ்சுக்குழியப் பிடிச்சிட்டு சுருண்டுருவாவ."

சாதாரண வயிற்றுப்புண் வலி, சாப்பாட்டையும் பசியையும் ஒட்டி வரும். இது பம்பை ஒட்டி வந்திருக்கிறது. தமனிப் போர்ட் உள்ள நோயாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த நேரக் கணக்குதான். மருந்து ஏறும்போது வலிக்கிறதென்றால், போகக் கூடாத இடத்துக்கு மருந்து போகிறது என்று வைத்துக்கொண்டு தேடத் தொடங்க வேண்டும். அமில மாத்திரையை அப்புறம் எழுதலாம்.

இது ஏன் கண்ணில் படாமல் போகிறது என்பதற்கு நம் ஊருக்கென்றே ஒரு காரணமும் உண்டு. வயிற்றுப்புண் இந்த மண்ணின் பழைய வியாதி. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நீண்ட காலம் வேலை பார்த்தார். அன்று தென்திருவிதாங்கூராக இருந்த இந்தப் பகுதியில் முன்சிறுகுடல் புண்ணுக்காக அவர் செய்த அறுவைகள் ஏராளம். குமரி மாவட்டத்தில் மேல்வயிறு எரிகிறது என்று யார் சொன்னாலும், நோயாளி, மருந்துக்கடைக்காரர், மருத்துவர் எல்லாருடைய வாயிலும் ஒரே சொல்தான் வரும்: அல்சர். பெரும்பாலான நேரம் அது சரியாகவும் இருக்கும். அதுதான் சிக்கல்.

எண்டோஸ்கோபி சொன்னதும் சொல்லாததும்

ரத்தம் ஏற்றி, ஈரல் சுருக்க நோயாளிக்கு ரத்தக்கசிவில் கொடுக்கும் ஆக்ட்ரியோடைடும் ஆன்டிபயாடிக்கும் தொடங்கிய பிறகு எண்டோஸ்கோபி. எல்லாரும் எதிர்பார்த்தது உணவுக்குழாய்ச் சிரைகள் வெடித்திருக்கும் என்றுதான். வெடிக்கவில்லை. இரைப்பையின் கீழ்ப்பாதியில், உள்வளைவில் இரண்டு பெரிய புண்கள். வட்டமாக இல்லாமல் தேச வரைபடம்போலக் கோணல்மாணலான ஓரங்கள். வயிற்றுப்புண்ணுக்கு வழக்கமான காரணமான ஹெலிகோபாக்டர் கிருமி சோதனையில் இல்லை.

எடுத்த திசுவைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. கீமோ மருந்து நேராகப் பட்ட இரைப்பைச் செல்கள் நுண்ணோக்கியில் புற்றுச்செல்போலவே கோரமாகத் தெரியும். "தமனி வழிக் கீமோ நடக்கிறது" என்று படிவத்தில் எழுதாவிட்டால் நோய்க்குறியியல் மருத்துவர் இரைப்பைப் புற்று என்று அறிக்கை தர நேரலாம். நாங்கள் எழுதி அனுப்பினோம்; மருந்தால் வந்த மாற்றம் என்று பதில் வந்தது.

புண் இருக்கிறது, ரத்தம் போயிருக்கிறது, கணக்கு முடிந்தது என்று அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் எண்டோஸ்கோபி செய்த இரைப்பைக் குடல் மருத்துவர் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். இரண்டு புண்களின் அடித்தளமும் சுத்தமாக இருக்கிறது, ஹீமோகுளோபின் 6.4-க்கு இறங்கும்படி கசிந்த தடயம் எதுவும் இல்லை. இன்னொன்று, முன்சிறுகுடலின் வளைவுக்கு அப்பாலிருந்து புது ரத்தம் கொஞ்சம் மேலேறி வருகிறது. அப்படியென்றால் ரத்தம் வரும் இடம் வேறு.

கை நரம்பு வழியாகச் சாயம் செலுத்தி சி.டி. ஆஞ்சியோகிராம் (ரத்தநாளங்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தோம். போர்ட் வழியாகச் செலுத்தவில்லை. காரணம் பின்னால் வரும். இதில் ஒரு தொழில்நுட்பச் சங்கடம்: உலோகக் காயில் சுற்றிலும் கதிர்க் கீற்றுகளை வீசி, பக்கத்தில் இருக்கும் எதையும் விழுங்கிவிடும். சாயம் செலுத்துமுன் ஒரு வெற்றுப் படம் எடுத்திருந்ததால்தான் எது காயில், எது சாயம் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. காயில் கொத்தின் இடது ஓரத்தில், இரைப்பை-முன்சிறுகுடல் தமனி கிளம்பும் இடத்தில், 14 மி.மீ. அளவில் ஒரு பை. தமனி நிரம்பும்போதே அதுவும் நிரம்பியது. சூடோஅனியூரிசம்: தமனிச் சுவரின் அடுக்குகள் கிழிந்து, வெளியே வந்த ரத்தத்தைச் சுற்றியுள்ள திசு மட்டும் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும் நிலை. அளவு சிறிது என்று காத்திருக்க முடியாது. முதல் கசிவு அநேகமாக எச்சரிக்கைதான். அடுத்தது பெரிதாக இருக்கும். இது முன்சிறுகுடல் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தது.

அதே படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. கதீட்டர் துளைக்கு அப்பால், ஈரலுக்குள் நுழையுமுன் தமனி நூலாக மெலிந்திருந்தது. அடைக்காமல் விட்ட வலது இரைப்பைத் தமனியோ எதிர்பார்த்ததைவிடத் தடித்திருந்தது.

இரண்டுக்கும் ஒரே வேர்

5-ஃப்ளூரோயுராசிலும் சிஸ்பிளாட்டினும் செறிவாகப் படும் இடத்தில் தமனியின் உள்சுவர் புண்ணாகும். தொடர்ந்து பட்டால் சுவர் தடித்துத் தமனி சுருங்கும், சிலருக்கு முழுதாக அடைபடும். போர்ட் வைத்தவர்களுக்கு வரும் ரத்தநாளச் சிக்கல்களில் பலவும் இங்கிருந்து கிளைப்பவைதான். இவருக்குத் தமனி மெலிந்ததும் ஈரல் பக்கம் எதிர்ப்பு கூடியது. பேச்சிப்பாறைக் கால்வாயில் முதன்மை வாய் தூர்ந்தால் தண்ணீர் எந்தக் கிளை மடை திறந்திருக்கிறதோ அதில் பாயும். இங்கே திறந்திருந்த மடை வலது இரைப்பைத் தமனி. முதல் இரண்டு சுற்றில் அது சிறு கிளையாக இருந்தபோது தொந்தரவு இல்லை. மூன்றாவது சுற்றில் ஈரலுக்கான மருந்தில் கணிசமான பங்கு இரைப்பைச் சுவருக்குப் போயிருக்க வேண்டும். ஈரல் 5-ஃப்ளூரோயுராசிலைப் பெரிய அளவில் சிதைத்துக் கையாளக்கூடியது. இரைப்பைச் சுவருக்கு அந்த வசதி கிடையாது.

சூடோஅனியூரிசத்துக்கும் அதே மருந்துப் புண் ஒரு பங்கு. கூடவே, துடிக்கும் தமனிக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் விறைப்பான குழாயின் அழுத்தம். இதற்குமேல் அவர் மனைவி ஒன்று சொன்னார். சுற்றுகளுக்கு இடையே போர்ட் அடைக்காமலிருக்க ஹெபாரின் கலந்த உப்புநீர் செலுத்துவது வீட்டுக்கு அருகே ஒரு கிளினிக்கில் நடந்திருக்கிறது. "சின்ன சிரிஞ்சுல, போகல போகலன்னு ரெண்டு கையாலயும் அழுத்துனாவ." சிரிஞ்ச் சிறிதாகச் சிறிதாக அதே கைவிசைக்கு உண்டாகும் அழுத்தம் கூடும். போர்ட்டுக்கு 10 மி.லி.க்குக் குறைந்த சிரிஞ்ச் கூடாது என்ற விதி அதனால்தான். கிழிசலுக்கு இது காரணமா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் "போகவில்லை" என்று கை உணர்ந்த அந்த நாளே தமனி மெலிந்ததற்கான முதல் தடயமாக இருந்திருக்கலாம். அழுத்தியதற்குப் பதில் படம் எடுத்திருக்க வேண்டும்.

போர்ட் வைத்த நாளுக்குப் பிறகு ஒருமுறைகூட அதன் வழியாகச் சாயம் செலுத்திப் பார்த்ததாகப் பதிவு இல்லை. இதுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வலி வந்தால் உடனே, போர்ட் வழியாக மெதுவாகச் சாயம் விட்டு ஆஞ்சியோகிராமோ சி.டி.யோ எடுப்பது இந்தச் சிகிச்சையின் ஒரு பாகம். மருந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் மருந்து செலுத்துவதற்குப் பதில், சாதாரணக் கை நரம்பிலேயே ஏற்றிவிடலாம்.

அடைப்பதா, காப்பாற்றுவதா

சூடோஅனியூரிசத்தை மூட எளிதான வழி, அதற்கு முன்னும் பின்னும் தமனியைக் காயிலால் அடைத்துவிடுவது. ஈரல் நல்ல நிலையில் இருந்தால் இதைத் தாங்கும். ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருவது. தமனி கொண்டுவருவது கால் பங்குதான். ஆனால் இவருக்கு வலது போர்ட்டல் சிரையைக் கட்டி ஏற்கெனவே அடைத்திருக்கிறது. வலது மடல் தமனியை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. அதையும் அடைத்தால் அழுகல், சீழ், சுருங்கிய ஈரல் முழுதாகத் தோற்பது. அதனால் கவர்டு ஸ்டென்ட் என்று முடிவெடுத்தோம். துணிபோன்ற உறை போர்த்திய ஸ்டென்டைத் தமனிக்குள் விரித்தால் கிழிசல் மூடப்படும், ஓட்டமும் நிற்காது.

இதில் இரண்டு தடைகள். முதலாவது தொற்று. போர்ட் வழியாகக் கிருமி போய்ச் சுவர் சிதைந்திருந்தால் அங்கே ஸ்டென்ட் வைப்பது கிருமிக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான். காய்ச்சல் இல்லை, போர்ட் இருந்த இடத்தில் சிவப்போ வலியோ இல்லை, அழற்சிக் குறியீடுகளும் உயரவில்லை. ரத்தக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் இறங்கினோம்.

இரண்டாவது, கதீட்டரே. ஸ்டென்ட் விரியவேண்டிய தமனிக்குள்தான் அது கிடக்கிறது. எடுக்காமல் விரித்தால் ஸ்டென்டுக்கும் சுவருக்கும் நடுவே கதீட்டர் மாட்டி, அதன் ஓரமாக ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். எடுத்துவிட்டு ஸ்டென்டைத் தேடிப் போனால், காயிலுக்குள் இறுகிய நுனி வரும்போது கிழிசல் பெரிதானால் கையில் ஒன்றுமில்லை. ஆகவே வரிசை இப்படி: இடது மணிக்கட்டுத் தமனி வழியாக நான் ஸ்டென்டைக் கொண்டுபோய், விரிக்காமல், கிழிசலுக்குக் குறுக்கே தயாராக நிறுத்துவது. அதே நேரம் அறுவை மருத்துவர் தொடையில் போர்ட்டைத் திறந்து வைத்திருப்பது. அவர் இழுத்ததும் நான் விரிப்பது.

ஸ்டென்டுக்கு முன் மேல் குடல்தாங்குத் தமனியிலும் சாயம் விட்டுப் பார்த்தோம். கணையத்தைச் சுற்றிவரும் கிளைகள் வழியாகப் பின்பக்கமிருந்து இந்தப் பைக்கு ரத்தம் வர வாய்ப்புண்டு. அப்படி வந்தால் முன்னே மூடிப் பயனில்லை. பழைய காயில்கள் அந்த வழியை நன்றாகவே அடைத்திருந்தன.

அந்த மேசையிலேயே போர்ட் வழியாகக் கொஞ்சம் சாயம் விட்டு, இரைப்பைக்கு எவ்வளவு போகிறது என்று நேரில் பார்க்கலாமா என்ற பேச்சு வந்தது. படத்துக்கு அழகாக இருந்திருக்கும். ஆனால் துளைக்குப் பக்கத்திலேயே கிழிசல். அங்கே அழுத்தம் கூட்டுவது எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் நோயாளிக்கு எந்த லாபமும் தராது. விடவில்லை. சி.டி.யிலும் போர்ட்டைத் தொடாததற்கு இதே காரணம்தான். கல்லீரல் தமனி கிளம்பும் சீலியாக் தமனியில் விட்ட சாயத்திலேயே தடித்த வலது இரைப்பைத் தமனி உள்வளைவு வரை தெளிவாகத் தெரிந்தது, அது போதும்.

கதீட்டர் லேசாகத் தயங்கி வந்தது. வந்த அதே நொடியில் சிறு கசிவு தெரிந்தது. ஸ்டென்ட் விரிந்ததும் பை நிரம்புவது நின்றது. ஈரலுக்கு ஓட்டம் இருந்தது. மெலிந்த பகுதியைப் பலூன் வைத்து விரிக்கலாமா என்று இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார். மருந்தால் புண்ணான சுவர் அது, விரித்தால் இன்னொரு கிழிசல் வரும். ஓட்டம் போதுமானதாக இருக்கும்போது தொட வேண்டாம் என்று விட்டோம். வலது இரைப்பைத் தமனியையும் அடைக்கவில்லை. இனி அதில் மருந்து போகப்போவதில்லை, புண் ஆற ரத்தம் வேண்டும். தொடைத் தமனியில் கதீட்டர் நுழைந்த துளையை அறுவை மருத்துவர் தையல் போட்டு மூடினார்.

பிறகு

இரண்டாவது நாள் ஈரல் நொதிகள் மிதமாக ஏறி, வாரம் முடிவதற்குள் இறங்கின. ரத்தக் கல்ச்சரிலும் கதீட்டர் நுனியிலும் கிருமி வளரவில்லை. கறுப்பு மலம் நின்றது.

ஸ்டென்ட் அடைக்காமலிருக்க ரத்தத் தட்டுகளைத் தடுக்கும் மருந்து வேண்டும். அதே ஆளுக்கு ஆறாத இரைப்பைப் புண்ணும் புடைத்த சிரைகளும். வழக்கமான இரட்டை மருந்தை ஒதுக்கிவிட்டு, புண்ணின் அடித்தளம் சுத்தமாகவே இருப்பதை இன்னொரு எண்டோஸ்கோபியில் உறுதிசெய்த பிறகு, 75 மி.கி. ஆஸ்பிரின் மட்டும் தொடங்கினோம். அமிலம் குறைக்கும் மருந்து கூடவே. சில வாரம் கழித்துச் சிரைகளுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். "நாம வெட்டுன பால்தானா இது" என்று அவர் கேட்டாராம்.

எட்டாவது வாரம் இரைப்பைப் புண்கள் ஏறக்குறைய ஆறியிருந்தன. கீமோ மருந்தால் வரும் புண் சாதாரணப் புண்ணைவிட மெதுவாகத்தான் ஆறும் என்பதால் அதுவரை புற்றுநோய்க்கு எந்த மருந்தும் இல்லை. கட்டி நல்லவேளையாக அசையவில்லை. பிறகு லென்வாடினிப் என்ற வேறொரு புற்று மருந்து. எடை 60 கிலோவுக்குக் கீழ் என்பதால் நாளுக்கு 8 மி.கி. சொராஃபெனிபைவிட இதில் கை-கால் தோல் தொந்தரவு பொதுவாகக் குறைவு. ரத்த அழுத்தம் ஏறுவது அதிகம். அழுத்தத்தை வீட்டுக்கு அருகேயுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம்தோறும் பார்த்துக் குறித்து வருகிறார். மூன்றாவது மாத சி.டி.யில் ஸ்டென்ட் திறந்திருந்தது, பை உறைந்து சுருங்கியிருந்தது, கட்டி அதே 7 செ.மீ.

போர்ட்டில் கட்டி சுருங்கியதே, மறுபடி ஒன்று வைக்கலாமா என்று குடும்பத்தார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தமனி வழிக் கீமோவின் பலன் பற்றிய ஆய்வுகளும் ஒரே திசையில் இல்லை. 2018-இல் வெளியான ஜப்பானின் சிலியஸ் ஆய்வில், சொராஃபெனிபோடு இதைச் சேர்த்ததால் ஒட்டுமொத்த ஆயுள் கூடவில்லை. ஆக்சாலிபிளாட்டின் சார்ந்த வேறு கூட்டைத் தமனியில் செலுத்திய சீன ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. அதில் மீடியன் ஆயுள் (பாதிப் பேர் கடந்த காலம்) 13.9 மாதம், சொராஃபெனிப் மட்டும் எடுத்தவர்களுக்கு 8.2. சீனாவில் பெரும்பாலும் போர்ட் வைப்பதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் கதீட்டரை நுழைத்து, மருந்து முடிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் படம் பார்த்தே மருந்து செலுத்த வேண்டியிருக்கிறது என்பது அந்த முறையின் நல்ல பக்கம். நோயாளி ஒவ்வொரு முறையும் ஆஞ்சியோகிராம் மேசையில் படுக்க வேண்டும் என்பது கெட்ட பக்கம்.

இவருடைய தமனி ஏற்கெனவே மெலிந்தது, நடுவில் ஸ்டென்ட் வேறு. நிரந்தரக் கதீட்டருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டோம். லென்வாடினிப் கைவிட்டால், வலது இரைப்பைத் தமனியை முதலில் அடைத்துவிட்டு, ஒருமுறைக் கதீட்டரில் ஒரு சுற்று முயன்று பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். அதற்காகப் பழைய, புதிய ஆஞ்சியோகிராம் படங்கள் எல்லாவற்றையும் ஒரு குறுந்தகட்டில் பதிந்து அவர் மனைவியிடமே கொடுத்திருக்கிறோம். எந்த ஊருக்குச் சிகிச்சைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டச் சொல்லி.